மலிவான மடக்குக் கத்தி வாங்குவது எப்படி: பட்டியல் போடுவதிலிருந்து முதல் தீட்டல் வரை

தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும், 2,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று கேட்டு வருகிறவர்கள் அநேகமாக எஃகின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். டி2 நல்லதா, 440சி நல்லதா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். இந்த விலையில் அது கிட்டத்தட்ட கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எதை வெட்டப் போகிறோம், எங்கே கொண்டுபோகப் போகிறோம், பிளேடு எவ்வளவு மெல்லியது, பூட்டு ஒழுங்காக உட்காருகிறதா என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் எஃகு. வரிசையை மாற்றினால் பார்க்க மிரட்டலாக இருக்கும், கொய்யாப்பழம்கூட நறுக்காத ஒரு கத்தி வீட்டுக்கு வந்து சேரும்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியின் விடைதான் அடுத்த படியில் பாதித் தேர்வுகளைக் கழித்துவிடுகிறது.

முன்கூட்டியே தேவையானவை

மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், பழைய செய்தித்தாள், போன் டார்ச், கறுப்பு மார்க்கர் பேனா, இருபக்கத் தீட்டுக்கல், ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், இரண்டு பிளாஸ்திரி. பிளாஸ்திரி கிண்டலுக்குச் சொல்லவில்லை. புதுக் கத்தி வந்த முதல் இரண்டு நாளில்தான் விரல் அதிகம் அறுபடும், ஏனென்றால் சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டே இருப்போம்.

1. ஒரு வாரம் எதை வெட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள்

கத்தி வாங்குவதற்கு முன் கத்தி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். எப்போதெல்லாம் பல்லால் கடித்தீர்கள், சாவியால் கிழித்தீர்கள், பக்கத்து மேஜையில் கத்தரிக்கோல் கேட்டீர்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். நாம் கற்பனை செய்யும் வேலைக்கும் உண்மையில் வரும் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது. கற்பனையில் காடும் மலையும் வரும். குறிப்பில் பார்சல் டேப், அரிசி மூட்டை தைத்த நூல், கேபிள் டை, பால் பாக்கெட், மாங்காய், பென்சில் வரும்.

பட்டியலில் பழமும் காயும் அதிகமென்றால் மெல்லிய, துருப்பிடிக்காத பிளேடு வேண்டும். அட்டைப்பெட்டியும் டேப்பும்தான் என்றால் 5 செ.மீ பிளேடே போதும். கயிறு, ஹோஸ் குழாய், ஒயர் தோல் என்று அழுத்தி வெட்டும் வேலை வந்தால் மட்டும் பூட்டுள்ள கத்தி அவசியம்.

இளநீர் சீவுவது, டின் மூடியை நெம்புவது, ஸ்க்ரூ திருகுவது எல்லாம் பட்டியலில் இருந்தால் அவற்றை அடித்துவிடுங்கள். மடக்குக் கத்தியின் நுனி உடைவதற்குப் பெரும்பாலும் நெம்புவதுதான் காரணம். பிளேடு வெட்டும் திசையில் வலுவாக இருக்கும், பக்கவாட்டில் வளைத்தால் பட்டென்று போய்விடும். ஸ்க்ரூ வேலை அடிக்கடி வருகிறதென்றால் ஸ்க்ரூடிரைவர் நாக்கு உள்ள சுவிஸ் வகைக் கத்தியைப் பாருங்கள்.

தற்காப்புக்கும் ஆகுமே என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள். அதையும் அடித்துவிடுங்கள். அந்த எண்ணம் வந்ததும் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய கத்தியைத் தேடத் தொடங்கிவிடுவோம். யாராவது நிறுத்தி எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அதைவிட மோசமான பதிலும் கிடையாது.

2. எங்கெல்லாம் கொண்டுபோவீர்கள் என்று பாருங்கள்

நீளத்தை முடிவு செய்வதற்கு முன் இந்தப் படி வர வேண்டும், ஏனென்றால் சட்டம் நீளத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டைப் பைக் கத்தி எதுவும் இந்த அளவின் பக்கத்தில்கூட வராது.

ஆனால் டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை ஒன்று இதைவிடக் கடுமையானது. ஸ்ப்ரிங், பட்டன் போன்ற இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளில், பிளேடு 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் எட்டினாலே அது கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். 7.62 செ.மீ என்றால் சரியாக 3 அங்குலம். லண்டனில் இருக்கும் உறவினருக்கு வாங்கித் தரப்போகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே 3 அங்குலம்தான் எல்லை: வெட்டும் வாய் 3 அங்குலத்துக்குள், மடக்கக்கூடியது, பூட்டு இல்லாதது என்றால்தான் தக்க காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் சின்னக் கத்திக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதனால் என் வழக்கமான பரிந்துரை 7.5 செ.மீக்குள். ஊர் மாறினாலும் தலைவலி குறைவு.

பட்டன் அமுக்கினால் துள்ளித் திறக்கும் கத்தி, பிடி இரண்டாகப் பிரிந்து சுழலும் பட்டாம்பூச்சிக் கத்தி, இருபுறமும் வாய் உள்ளது ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அளவு சிறியதாக இருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அவை ஆயுதம்தான்.

அடுத்து சோதனை வாசல்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் எந்தக் கத்தியும் கூடாது. செக்-இன் பெட்டியில் போட்டால் பிரச்சினை இல்லை. மெட்ரோ, நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், பெரிய கோயில்கள், மால்கள் என்று ஸ்கேனர் உள்ள இடம் உங்கள் அன்றாடப் பாதையில் இருந்தால், அங்கே போகும் நாளில் கத்தி வீட்டில் இருக்கட்டும். பொதுக்கூட்டம், திருவிழாக் கூட்டம், கல்லூரி வளாகம் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். விமான நிலையத்தில் கத்தியைப் பறிகொடுப்பவர்கள் யாரும் வேண்டுமென்று கொண்டுபோனவர்கள் இல்லை, பையின் பக்க அறையில் இருந்ததை மறந்தவர்கள். கத்திக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் கிளம்பும்போது அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

3. நீளம், தடிமன், வடிவம்

நீளத்துக்கு 6 முதல் 7.5 செ.மீ. ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்ட 7 செ.மீ போதும். அதற்குக் குறைந்தால் பழ வேலை சிரமம், அட்டைப்பெட்டி வேலைக்குக் குறைவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் நீளத்தை அளப்பார்கள், தடிமனை யாரும் அளப்பதில்லை. கத்தி வெட்டுமா வெட்டாதா என்பதைத் தீர்மானிப்பதே தடிமன்தான். முதுகுப் பக்கம் 2 மி.மீ அளவில் இருந்து, வாயை நோக்கி ஒரே சரிவாக மெலிந்து வந்தால் எந்த எஃகானாலும் வெட்டும். மலிவுக் கத்திகளில் முதுகு 3, 4 மி.மீ வரை கனமாக இருக்கும், வாய்க்கு மேலேயும் அந்தக் கனம் குறையாமல் வரும். வாயை எவ்வளவுதான் தீட்டினாலும் அது காய்க்குள் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கிப் பிளக்கும், நறுக்காது. கேரட்டில் வைத்து அமுக்கினால் 'டக்'கென்று உடையும் சத்தம் கேட்டால் பிளேடு தடிமன் என்று அர்த்தம்.

இணையத்தில் வாங்கும்போது பக்கவாட்டுப் படத்தை விட்டுவிட்டு, முதுகையும் நுனியையும் காட்டும் படத்தைத் தேடுங்கள். பிளேடின் தடிமன் விவரத்தில் போடாத விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

வடிவத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதுகு மெல்லச் சரிந்து நுனியில் முடியும் சாதாரண வடிவமே எல்லாவற்றுக்கும் ஆகும். பெட்டி பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் வாய் நேர்க்கோடாக இருந்து முதுகு நுனியில் வளைந்து இறங்கும் வடிவம் இன்னும் வசதி; உள்ளே இருக்கும் பொருளில் நுனி குத்தாது. உளி மாதிரி கோணமாக வெட்டிய நுனி, முதுகில் பல், கொக்கி, ஓட்டைகள் எல்லாம் படத்துக்கு அழகு. பாதி வாயில் ரம்பப்பல் வைத்ததையும் தவிருங்கள். நைலான் கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது.

4. பூட்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

விரல் போவதும் போகாததும் இதில்தான் இருக்கிறது. மலிவுக் கத்தியில் எங்கே செலவைக் குறைத்தார்கள் என்பதும் பூட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூட்டில்லாதது: நம் ஊர்ப் பேனாக்கத்தியும் சுவிஸ் கத்தியின் சிறிய மாடல்களும் இந்த வகை. முதுகில் ஒரு வில்பட்டை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். வாய்ப்பக்கம் அழுத்தி வெட்டும்வரை ஆபத்தில்லை. நுனியால் குத்தினாலோ முதுகின் மேல் அழுத்தம் விழுந்தாலோ மடங்கும். அதனால் அட்டையில் முதலில் நுனியைக் குத்தி இறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

பட்டைப்பூட்டு: லைனர் லாக் என்று விற்பார்கள். பிடிக்குள் இருக்கும் இரும்புத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியில் முட்டு கொடுக்கும். மலிவில் அதிகம் கிடைப்பதும், நல்லதும் கெட்டதும் கலந்து வருவதும் இதுதான். பிடியே தகடாக வேலை செய்தால் அது பிரேம் லாக், கொள்கை ஒன்றே. இரண்டிலும் மூடும்போது கட்டைவிரல் பிளேடு வரும் பாதையில் நிற்கும். தகட்டைத் தள்ளி, பிளேடைக் கொஞ்சம் மடக்கியதும் கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் மீதியை மூட வேண்டும். இந்த இடைநிறுத்தம் பழகாதவர்கள்தான் வெட்டிக்கொள்கிறார்கள்.

இடதுகைக்காரர்கள் பட்டைப்பூட்டு வாங்கும் முன் ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை வலதுகைக் கட்டைவிரலுக்காகச் செய்யப்பட்டவை. இடதுகையில் பிடித்தால் ஆட்காட்டி விரலால் இழுக்க வேண்டியிருக்கும்.

முதுகுப்பூட்டு: பிடியின் முதுகில் உள்ள ஒரு கட்டையை அமுக்கினால் விடுபடும். விரல் பிளேடின் பாதையில் வராது, எந்தக் கைக்கும் ஒத்துவரும். மூட இரண்டு கை பிடிக்கும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். புதியவர்களுக்கு அது நல்லதே என்பேன்.

வளையப்பூட்டு: பிரான்சின் ஒபினெல் கத்திகளில் இருக்கும் உலோக வளையம். திறந்த பிறகு வளையத்தைத் திருப்பினால் பிளேடு மடங்காது. எளிமையான அமைப்பு, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு முறையும் திருப்ப மறக்கக்கூடாது.

குறுக்குக்கம்பிப் பூட்டு: கான்ஸோ போன்ற சீன நிறுவனங்களின் கத்திகளில் பார்க்கலாம். பிடியின் இரு பக்கமும் தெரியும் சிறு கம்பியைப் பின்னால் இழுத்தால் விடுபடும். விரலுக்கு மிகவும் பாதுகாப்பானது, இடதுகைக்கும் ஒன்றுதான். உள்ளே முடி கனத்தில் இரண்டு ஸ்ப்ரிங் இருக்கும். மணல், மாவு புகும் இடத்தில் வேலை செய்பவர்கள் அடிக்கடி ஊதித் துடைக்க வேண்டியிருக்கும்.

பழம், காகிதம், டேப் மட்டும் என்றால் பூட்டில்லாதது. அழுத்தி வெட்டும் வேலை என்றால் முதுகுப்பூட்டு அல்லது வளையப்பூட்டு. பட்டைப்பூட்டு வாங்குவதென்றால் 8ஆவது படியிலுள்ள சோதனையைச் செய்யாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. எஃகு

இந்த விலையில் கிடைக்கும் எஃகுகளை மூன்று கூட்டமாகப் பிரித்தால் போதும்.

முதல் கூட்டம் 420ஜே2, 3சிஆர்13 போன்றவை. கரி (கார்பன்) குறைவு, ஆகவே மென்மை. துருப்பிடிக்கத் தயங்கும், சீக்கிரம் மழுங்கும், அதே சீக்கிரத்தில் தீட்டவும் முடியும். இரண்டாவது, சுவிஸ் கத்திகளின் எஃகு, 8சிஆர்13மோவி, 12சி27, 14சி28என், 440சி. நமக்கு வேண்டியது இந்தக் கூட்டம்தான். வாயும் நிற்கும், வீட்டுக் கல்லிலும் தீட்டலாம். மூன்றாவது டி2. நீண்ட நாள் கூர் நிற்கும். ஆனால் அது முழு எவர்சில்வர் வகை இல்லை, குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கரியோடு சேர்ந்துவிடுவதால் ஈரத்தில் புள்ளி விழும். சாதாரணக் கல்லில் தீட்டப் பொறுமையும் வேண்டும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கு நான் டி2 சொல்வதில்லை.

எவர்சில்வர் அல்லாத கரி எஃகிலும் ஒபினெல் வருகிறது. அருமையாகக் கூர் ஏறும். ஆனால் மாங்காய், எலுமிச்சை பட்டதும் கறுக்கும், ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே துரு. துடைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் அதே கத்தி எவர்சில்வரிலும் கிடைக்கிறது.

விளம்பர வார்த்தைகளைக் கவனியுங்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்' என்று போட்டு ரகத்தின் பெயர் இல்லையென்றால் முதல் கூட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 440 என்று போட்டிருந்தால் அது 440ஏ ஆகத்தான் இருக்கும். சி என்றால் மறக்காமல் போட்டிருப்பார்கள். 'டமாஸ்கஸ்' அலைக்கோடு லேசரில் அச்சடித்ததாக இருந்தால் கோடுகள் முதுகுப் பக்கத்தில் தொடராமல் ஓரத்தில் நின்றுவிடும். 800 ரூபாயில் டமாஸ்கஸ் என்றால் சோதித்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

6. பிடியும் எடையும்

எடை 100 கிராமுக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் முதல் வாரம் பையில் இருக்கும், அடுத்த வாரம் மேஜை டிராயருக்குப் போய்விடும். ஒபினெல் 8ஆம் எண் 45 கிராம் அளவுதான், பிளேடோ 8.5 செ.மீ. கனம் பலத்தைக் காட்டாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். நீளம் 7.5க்குள் வேண்டுமென்பவர்களுக்கு அதிலேயே 7 செ.மீ பிளேடு உள்ள 6ஆம் எண் இருக்கிறது.

நம் வெயிலுக்குக் கை வியர்க்கும். பெயின்ட் அடித்த வழவழப்பான அலுமினியப் பிடி வழுக்கும். சொரசொரப்பான நைலான் பிளாஸ்டிக் மலிவுதான், ஆனால் வேலைக்கு அதுவே சிறந்தது. மரப்பிடி கைக்கு இதம். ஐப்பசி மழையில் மரம் ஊதி பிளேடு இறுகிக்கொள்ளும், அப்போது பிடியின் பின்முனையை மேஜையில் தட்டினால் பிளேடு கொஞ்சம் எழும்பும், எழும்பியதும் இழுத்துவிடலாம். காய்ந்த பிறகு தானாகச் சரியாகும். எண்ணெய் ஊற்றி ஊறவைத்து மோசமாக்காதீர்கள்.

விரல் நகத்தால் இழுத்துத் திறப்பதா, கட்டைவிரல் குமிழா? ஒரு கையில் கயிறோ மூட்டையோ பிடித்திருப்பவர்களுக்குக் குமிழ் வேண்டும். அலுவலகத்தில் நான்கு பேர் நடுவே கேக் வெட்டுவதற்கு நகத்தால் மெதுவாகத் திறப்பது மரியாதையாக இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

7. பணத்தைப் பிரியுங்கள்

கையில் 1,500 ரூபாய் இருந்தால் முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். 300 அல்லது 400 ரூபாயைக் கல்லுக்கு ஒதுக்குங்கள். தீட்டாத நல்ல கத்தியைவிடத் தீட்டிய சுமாரான கத்தி எல்லா வேலையிலும் முந்தும், எந்தக் கத்தியும் சில வாரங்களில் மழுங்கத்தான் போகிறது.

500 ரூபாய்க்குள்தான் முடியும் என்றால் பூட்டுள்ள கத்தி தேடாதீர்கள். அந்த விலையில் பூட்டு பெயருக்குத்தான் இருக்கும், இருக்கிறது என்று நம்பி அழுத்தும்போது மடங்கும் பூட்டைவிடப் பூட்டில்லாத கத்தி பாதுகாப்பு. சின்னப் பேனாக்கத்தியோ, உறையோடு வரும் சின்னச் சமையலறைக் கத்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுப் பையில் பழத்துக்கு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவதே மேல், கழுவுவதும் சுலபம்.

அதற்கு மேல் போக முடிந்தவர்கள் சுவிஸ் கத்தியின் அடிப்படை மாடல், ஒபினெல் 6 அல்லது 7ஆம் எண், சான்ரென்மு, கான்ஸோ, ரூய்க்கே போன்ற சீன நிறுவனங்களின் சிறிய மாடல்கள் என்று தேடத் தொடங்கலாம். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். பெயருள்ள கத்திகளுக்குப் போலியும் உண்டு. பிளேடின் அடியில் நிறுவன முத்திரை தெளிவாக இருக்கிறதா, விற்பவர் அந்த நிறுவனத்தின் விற்பனையாளரா என்று பாருங்கள். சந்தை விலையில் பாதிக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த படி முழுக்க அந்த அவகாசத்தை நம்பித்தான் இருக்கிறது.

8. கைக்கு வந்ததும் செய்யும் சோதனை

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிறகு இந்த வரிசை. எதையும் வெட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், கறை பட்ட கத்தியைத் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

முதலில் மூடிய நிலை. மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். பிளேடு துளிகூட வெளியே வரக்கூடாது. வந்தால் பையிலும் வரும். இந்த ஒரு குறைக்காகவே திருப்பி அனுப்பலாம்.

மூடியபடியே பிடியின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாய் உள்ளே எதிலாவது முட்டினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த இடம் மழுங்கும். தீட்டித் தீட்டி ஓய்ந்த பிறகே காரணம் புரியும். பிளேடு நடுவில் இல்லாமல் சற்று ஒருபுறம் சாய்ந்திருப்பது குறையில்லை, பக்கத் தகட்டை உரசாமல் இருந்தால் சரி.

இனித் திறந்து, பூட்டி, நுனியை லேசாகப் பிடித்து ஆட்டுங்கள். இடவலமாக ஆடினால் மூட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் குறை, ஸ்க்ரூவால் தீராது, திருப்பி அனுப்புங்கள். புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கு இறுக்கென்று இறுக்கி, கத்தியைத் திறக்கவே முடியாமல் செய்துவிடுவார்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ என்றால் சரியான அளவு சாவி வேண்டும். அளவு மாறினால் தலை வழுக்கி வீணாகும். தானாகக் கழன்றுகொண்டே இருந்தால் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து முடுக்குங்கள்.

பட்டைப்பூட்டுக்குத் தனிச் சோதனை. திறந்தபின் தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். பிளேடின் கனத்தில் கால்வாசி முதல் பாதி வரை ஏறியிருந்தால் நல்லது. ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கும். எதிர்ப்பக்கம் வரைக்கும் ஓடிவிட்டிருந்தால் தேய்மானத்துக்கு இடமே இல்லை, சில மாதங்களில் ஆட்டம் வரும்.

பிறகு விரல்கள் பிளேடின் பாதையில் வராதபடி பிடியை இருபுறமும் பிடித்து, முதுகை மடித்த துணியின் மேல் மெதுவாக அழுத்துங்கள். மடங்கக்கூடாது. மேஜையில் ஓங்கி அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். நல்ல பூட்டின் முட்டும் இடமும் அதில் நசுங்கும், அன்றாட வேலையில் அப்படி ஓர் அடி வரப்போவதும் இல்லை.

கடைசியில் கூர். வாயை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக மின்னும் புள்ளி இருந்தால் அங்கே மழுங்கல் அல்லது பல் விழுந்திருக்கிறது. செய்தித்தாளை ஒரு கையில் பிடித்து அடியிலிருந்து நுனி வரை இழுத்து வெட்டுங்கள். எங்கே கிழிகிறதோ அங்கே தீட்ட வேண்டும். கூர் இல்லை என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம். நம் கையால் சரிசெய்யக்கூடிய ஒரே குறை அது.

9. முதல் தீட்டல்

ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் கேட்டால் ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் மென்மையுமாகத் தருவார்கள். அது போதும். ஈரத்துணி மேல் கல்லை வைத்தால் நகராது.

வாயின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் தடவுங்கள். ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். மை முழுவதும் போனால் கோணம் சரி. வாய் ஓரத்தில் மட்டும் போனால் முதுகை அதிகம் தூக்கியிருக்கிறீர்கள், மேல்பக்கம் மட்டும் போனால் போதாமல் தூக்கியிருக்கிறீர்கள். எத்தனை டிகிரி என்று மனதில் கணக்குப் போடுவதைவிட இது மேல். ஆனாலும் ஒரு தொடக்கம் வேண்டுமே: பிளேடின் அகலம் 2 செ.மீ என்றால் முதுகைக் கல்லிலிருந்து 6 அல்லது 7 மி.மீ உயர்த்துங்கள், சுமார் 20 டிகிரி வரும்.

ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தேயுங்கள். மறுபக்கத்தில் விரல் நகத்தை முதுகிலிருந்து வாய் நோக்கி இழுத்தால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும், அடி முதல் நுனி வரை. பிசிர் வருவதற்கு முன்பே பக்கம் மாற்றுவதுதான் தீட்டல் தோற்கும் முதல் காரணம். இரண்டு சரிவும் ஓரத்தில் சந்தித்துவிட்டன என்பதற்குப் பிசிர்தான் அடையாளம், அதுவரை எத்தனை முறை தேய்த்தாலும் கூர் ஏறாது. பிசிர் வந்ததும் மறுபக்கம். அப்புறம் மென்மையான பக்கத்தில் கையின் எடை மட்டும் கொடுத்து மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரைக் கரையுங்கள். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாய் பின்னால் வரும்படி சில இழுப்பு.

சாணை பிடிக்கிறவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை தேர்ந்த கைதான். ஆனால் வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் இந்த மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, பிறகு கூர் நிற்காது. வாசற்படிக் கல்லில் தேய்ப்பதும் வேண்டாம், கோணமே பிடிபடாது. அவசரத்துக்கு, பீங்கான் கப்பின் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்கும். அதில் லேசாக நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய பொழுது ஓடும்.

10. அதன் பிறகு

பழம் வெட்டினால் கழுவி, துடைத்து, சிறிது நேரம் திறந்தே காயவிட்டு மடக்குங்கள். எவர்சில்வர்தானே என்று ஈரத்தோடு மடக்கினால் மூட்டில் துரு ஏறும், அங்கேதான் துணி எட்டாது. பலாப்பழம் வெட்டும் முன் பிளேடில் எண்ணெய் தடவுங்கள், பால் மூட்டுக்குள் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு.

மூட்டுக்கு மாதம் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், பைத் தூசோடு சேர்ந்து பிசுக்காகும். சமையல் எண்ணெய்கள் அதைவிட மோசம், காய்ந்து கோந்தாகிவிடும். பழம் வெட்டும் கத்தியென்றால் எண்ணெய் மூட்டோடு நிற்கட்டும், பிளேடில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள். கேட்டவருக்கு அந்தப் பூட்டு பழக்கமில்லையென்றால், திரும்ப வாங்கும்போது திறந்தபடியே மேஜையில் வைக்கச் சொல்லி நீங்களே மூடுங்கள். மற்றவர் கையில் நடக்கும் வெட்டுக்காயம் பெரும்பாலும் மூடும்போதுதான்.

பட்டைப்பூட்டுக் கத்தி என்றால் 8ஆவது படியில் பார்த்த அந்தத் தகட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். பாதியைத் தாண்டிப் போயிருந்தால் அழுத்தி வெட்டும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டு, பிளேடு மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிட்டால் அதைப் பைக் கத்தியாக வைத்திருக்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை வளைத்துச் சரிசெய்யும் யோசனைகள் நிறையக் கிடைக்கும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் எப்போது விடும் என்று தெரியாது. பார்சல் டேப் கிழிக்க டிராயரில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். கல் ஏற்கெனவே இருப்பதால் இந்த முறை பணம் முழுவதையும் கத்திக்கே செலவழிக்கலாம்.